கடைமடைக்குத் தண்ணீர்

மாயவரத்தில் ஒரு தபால் நிலையம். அங்கே முத்திரை குத்தும் வலக்கை ஒன்று இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு தேதிகூட அது கலங்கலாகப் பதித்ததில்லை.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், முத்திரை அதன் பிடியிலிருந்து நழுவி விழுந்தது. கைக்குச் சொந்தக்காரியான தையல்நாயகி ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக் குழறியது.

"விரதம்னு பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்க!" என்று தபால்காரர் சவரிமுத்து எலுமிச்சைச் சாறு கலக்கிக் கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

"பார்த்தாயா என் மகிமையை!" என்றது சாறு.

"ஆனாலும் வாய் கோணிச்சேக்கா" என்று சவரிமுத்து ஆட்டோ பிடித்தார். மிச்சச் சாறும் பாட்டிலில் கூடவே போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிஸா விரலை நீட்டினார். "இறுக்கிப் பிடிங்கம்மா."

வலக்கை நொறுக்குவதுபோல் பிடித்தது. பிறகு நாவிடம் கிசுகிசுத்தது: "நழுவியதைச் சொல்லிவிடாதே. முத்திரையை வேறு கைக்குக் கொடுத்துவிடுவார்கள்."

"விரத மயக்கந்தான் டாக்டர்" என்றது நா.

"பொய் சொல்லாதீங்கக்கா. முத்திரை என் கால்லதான் விழுந்துச்சு!" என்றார் சவரிமுத்து.

மூளையைப் படம் எடுத்தார்கள். முதல் படம், "என்னிடம் ஒரு வடுவும் இல்லை" என்றது. சாறு குதூகலித்தது.

ரத்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்து எடுத்த இரண்டாவது படம் வண்ணங்களோடு வந்தது. அதன் ஒரு மூலை மட்டும் நீலமாக இருந்தது.

"பட்டுப்போன பயிரை நான் தேடுவதில்லை" என்றது அது. "தண்ணீர் எப்போது வந்து சேர்கிறது என்று பார்க்கிறேன். இந்தக் கடைமடைக்கு இன்னும் தாமதமாகத்தான் வருகிறது."

"எனக்குத்தான் சரியாகிவிட்டதே?" என்றது வலக்கை.

"பக்கத்து வாய்க்கால் கொஞ்சம் கசியவிட்டதால் பிழைத்தாய். மேலே அடைப்பு அப்படியே இருக்கிறது. கசிவும் நின்றால் நீ எழவே மாட்டாய்."

பாட்டிலில் விதைகள் அடியில் போய்த் தங்கின.

"வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா" என்றார் டாக்டர். கழுத்து ரத்தக்குழாயிலிருந்த அடைப்பை மறுநாளே நீக்கினார்கள்.

வீடு திரும்பும் நாளில் படங்களை உறையில் போட்டார்கள்.

"இனி உன்னை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்களே" என்றது வலக்கை.

"பார்க்க வேண்டாம். நீ வேலைக்குப் போ" என்றது நீல மூலைப் படம்.

டாக்டர் வந்தார். தையல்நாயகிக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறை கண்ணீரால். இடக்கை நெஞ்சுவரை உயர்ந்து, காத்து நின்றது.

வலக்கை வந்து அதோடு சேர்ந்தது.