ஈரச் செருப்புப் பாட்டு

நாற்பத்தாறாவது வயதில் பென்னட் பேசக் கற்றுக்கொள்ளப் போனான்.

தொண்டையில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தான். குரல்நாண்களில் ஒன்று மட்டும் அசைய மறுத்துவிட்டது. வாயைத் திறந்தால் பாதி காற்று, பாதி சத்தம். மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியறை, பேச்சுப் பயிற்சி நிலையம். கதவைத் திறந்தவள் உமையாள்.

சீட்டில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அவனை மறுபடி பார்த்தாள்.

ஒரு காலத்தில் அவர்கள் ஒரே இசைக்குழு. பென்னட் பாட்டெழுதிப் பாடுவான். உமையாள் பேஸ் கிடார். காதர் டிரம்ஸ். ஜோதிபாசு லீட் கிடார். சினிமாப் பாட்டு வாசிக்கமாட்டோம் என்று நால்வருக்கும் ஒரே பிடிவாதம். பாலக்கரையில் டயர் கடைக்கு மேலே ஒத்திகை. டவுன் பஸ்ஸில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள். ஒன்பது வருடம் வாசித்தார்கள். ஒரே ஒரு சிடி வந்தது. ஏழு பாட்டு.

பிறகு ஜோதிபாசு மெல்போர்னுக்குப் போனான். காதர் அரியலூர் சிமெண்ட் ஆலையில் சேர்ந்தான். உமையாள் மறுபடியும் கல்லூரிக்குப் போய்ப் பேச்சுப் பயிற்சி படித்தாள். பென்னட் எங்கும் போகவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, குழு என்றைக்காவது கூடும் என்று பதினேழு வருடம் காத்திருந்தான்.

"உட்காரு. 'ஆ' சொல்லு," என்றாள் உமையாள்.

சொன்னான்.

"போதும்."

"பழையபடி பாட முடியுமா?"

"முடியாது."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

"யோசிச்சுத்தான் சொல்றேன். பேச வரும். ஆபீஸ்ல நாலு பேருக்குக் கேட்கும்."

ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்தாள். குமிழி வருகிற மாதிரி ஊதிக்கொண்டே 'ம்ம்' என்று முனக வேண்டும். தினமும் மூன்று வேளை.

"ஐந்நூறு பேர் முன்னாடி பாடினவன் நான்," என்றான் பென்னட்.

"முப்பத்திரண்டு பேர். நான் எண்ணிப் பார்த்தேன். ஊது."

ஊதினான்.

பயிற்சி முடிந்ததும் பழைய கதை பேசுவார்கள். தஞ்சாவூர்க் கல்லூரி விழாவில் கரண்ட் போய், மைக் இல்லாமல் பாடி முடித்தது. சிடி வந்த அன்று நால்வரும் ஒரே பிரியாணியைப் பகிர்ந்து தின்றது. விளையாட்டாக அவளை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தான். சில வாரங்களில் அதில் விளையாட்டு போய்விட்டது.

ஒருநாள் அந்த சிடியையே எடுத்து வந்தான். அவளுடைய கம்ப்யூட்டரில் அதைப் போட இடமே இல்லை. பெட்டியைத் திறந்து, நால்வரும் நிற்கிற படத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பாட்டெல்லாம் எங்க போச்சு, டீச்சர்?"

உமையாள் நோட்டைப் புரட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வா. மூலையில உட்காரு. பேசக்கூடாது."

செவ்வாய்க்கிழமை கோதண்டம் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே வார்த்தைத் தொடர். பெயர் கேட்டாலும், பசிக்கிறதா என்று கேட்டாலும், "போலாம் ரைட்" என்றுதான் வரும். அது வாயில் வருகிற ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்கும். மனைவி ரங்கநாயகி பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேச வராதவங்களுக்கும் சில சமயம் பாட வரும்," என்றாள் உமையாள், பொதுவாக.

கோதண்டத்தின் இடது கையைப் பிடித்து மேசைமேல் தட்டினாள். தட்டிக்கொண்டே பாடினாள். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம்.

"தண்-ணி வே-ணும்."

பென்னட் நாற்காலியில் நிமிர்ந்தான். அது 'ஈரச் செருப்பு'. சிடியில் இரண்டாவது பாட்டு. 'பஸ்ஸு போச்சு, பஸ்ஸு போச்சு' என்று அவன் பாட, அடியில் உமையாளின் பேஸ் இதே இரண்டு சுரத்தில் நடக்கும்.

கோதண்டம் உதட்டைக் குவித்தார். நெற்றியில் வேர்வை. மூன்றாம் தடவையில் வந்தது.

"தண்-ணி வே-ணும்."

ரங்கநாயகி பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். கோதண்டம் வாங்கிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு பென்னட் எழுந்தான்.

"அந்தப் பாட்டை எழுத எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"தெரியும்."

"தண்ணி கேட்கவா எழுதினேன்?"

உமையாள் மேசையைத் துடைத்தாள். அவன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் வரவில்லை. ஸ்ட்ராவைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் காதருக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் அந்தக் காற்றுக் குரலில் கொட்டினான். காதர் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இரு. அந்தக் கண்டக்டர் 'ஈரச் செருப்பு' பாடுறாரா?"

"ஆமா."

"எப்பல்லாம்?"

"தாகம் எடுக்கறப்பல்லாம்."

"அப்ப தினம் பத்து தடவையாவது இருக்கும்ல?"

"இருக்கும்."

காதர் சிரிக்க ஆரம்பித்தான். வெகுநேரம் சிரித்தான். பின்னால் ஆலையின் இரைச்சல் கேட்டது. சிரிப்பு நின்றபோது குரல் கரகரத்தது.

"டேய் பென்னட், நம்ம பாட்டை நானே பாடி வருஷக்கணக்காச்சுடா."

போனை வைத்த பிறகு பென்னட் டம்ளரில் தண்ணீர் பிடித்தான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மூலை நாற்காலியில் இருந்தான். ஏன் வரவில்லை என்று உமையாள் கேட்கவில்லை.

அன்று ரங்கநாயகி தயங்கித் தயங்கிக் கேட்டார். "தண்ணி கேட்கறார், சோறு கேட்கறார். சந்தோசந்தாம்மா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏழு மாசமாச்சு. அது வருமா?"

"பார்க்கலாம்மா," என்ற உமையாள் திரும்பினாள். "பென்னட், இங்க வா. நான் தட்டறேன். நீ பாடு."

"நானா?"

"அவரு தொண்டையும் ஆம்பளத் தொண்டை. உன் சத்தத்தோட சேர்றது சுலபம்."

"எனக்கு இப்ப மூணு சுரந்தான் வருது, டீச்சர்."

"அவருக்கு ரெண்டு போதும்."

பென்னட் கோதண்டத்துக்கு எதிரே உட்கார்ந்தான். உமையாள் அவருடைய இடது கையைப் பிடித்துத் தட்டத் தொடங்கினாள். டயர் கடை மாடியில் அவனை எத்தனையோ சாயங்காலங்களில் தாங்கிப் பிடித்த அதே நடை. அவனுக்குத் தாளம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காற்றுக் கலந்த குரலில் பாடினான்.

"ரங்-க-நா-ய-கி."

"போலாம் ரைட்," என்றார் கோதண்டம். தலையை ஆட்டி, கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

மறுபடி பாடினான். மறுபடியும். பதினோராவது தடவையோ என்னவோ, பென்னட்டின் குரல் விரிசல் விட்டுச் சறுக்கியது. அந்த இடைவெளியில் இன்னொரு குரல் வந்து நின்றது.

"ரங்-க-நா-ய-கி."

ரங்கநாயகியின் மடியிலிருந்து பை நழுவி விழுந்தது. "என்னங்க," என்றார்.

பென்னட் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

உமையாளின் கை நிற்கவில்லை. மேசைமேல் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "இப்பதான் கூப்பிட்டிருக்கார். இனிமேதான் விஷயத்தைச் சொல்லணும்."