முதல் வரி இல்லாத சுருள்

கிரேக்க நாட்டில், கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊரில், தெலெசியாஸ் என்பவர் பேச்சு சொல்லிக்கொடுத்தார்.

பேச்சு சொல்லிக்கொடுப்பவர் என்றதும் நமக்கு உதடு சுழிகிறது. வாய்ச்சவடால், மேடைப் பேச்சு, ஆளை மயக்குகிற வித்தை என்று இந்தத் தொழிலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களுக்குக் குறைவில்லை. இந்த இளக்காரம் நேற்று வந்ததல்ல, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. இதைச் சுமந்தவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

தெலெசியாஸின் மாணவர்களில் ஹெர்மோன் என்று ஒருவன். கப்பலுக்குக் கயிறு திரிப்பவன். ஆசானுக்கும் அவனுக்கும் ஒரே வயது, நாற்பது.

அந்த ஊர் மன்றத்தில் வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். முடியாதவருக்காக ஊர்க்காரன் ஒருவன் பேசலாம். பேச ஆரம்பித்ததும் ஒரு பானைத் தண்ணீரை அடித்துளை வழியாகத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. பிறகு நடுவர்கள் இருநூற்றொரு பேரும் ஆளுக்கொரு கூழாங்கல்லைப் போடுவார்கள். வெள்ளைக் கல் விடுதலை, கறுப்புக் கல் தண்டனை.

கோயில் கிண்ணத்தைத் திருடியதாக ஹெர்மோனின் தம்பி மேல் ஒரு வழக்கு வந்தது. தம்பிக்குத் திக்குவாய். அதனால் ஹெர்மோன் அவனுக்காக எழுந்து நின்றான். கிண்ணம் காணாமல் போன அன்று தம்பி ஊரிலேயே இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் ஹெர்மோனுக்கு வாய் உலர்ந்து, எங்கெங்கோ ஆரம்பித்து, தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் தம்பியை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். போன இடத்தில் காய்ச்சல் கண்டு அவன் செத்தான்.

ஊருக்குப் பின்னால் இருந்த குன்றின் மேல் வேறொரு பள்ளி இருந்தது. அங்கே இருந்தவர்கள் உண்மையைத் தேடுகிறவர்கள். தங்களைத் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். உண்மைக்குப் பேச்சுத்திறமை எதற்கு, அது தானாகவே நிற்கும் என்பது அவர்கள் கட்சி. தம்பி செத்த சேதி வந்த வாரத்தில் ஹெர்மோன் இதைத் தன் காதால் கேட்டான். மறுநாளே தெலெசியாஸிடம் வந்து சேர்ந்தான்.

தெலெசியாஸின் பள்ளியில் ஒரு விதி உண்டு. யாருக்காகப் பேசப் போகிறாயோ, அவருக்காகப் பேசும் முன்பு அவருடைய எதிராளிக்காக ஒரு பேச்சு எழுத வேண்டும். ஒப்புக்கு எழுதினால் செல்லாது. எதிராளியே அதைப் படித்தால், நான் சொல்ல நினைத்ததும் இதுதான் என்று தலையாட்ட வேண்டும். அப்படி எழுதும் சுருளின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'எதிராளியின் இடத்தில் நின்று.' அதற்குக் கீழே எழுதியவன் பெயர் இருக்கும்.

ஹெர்மோன் வந்த மூன்றாம் வருஷம், குன்றுப் பள்ளியைச் சேர்ந்த பாம்பிலோஸ் மன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தான். தெலெசியாஸ் பொய்யை மெய்யாக்கக் கற்றுக்கொடுக்கிறார், ஊரைக் கெடுக்கிறார், அவரை வெளியேற்ற வேண்டும் என்பது வழக்கு. தெலெசியாஸ் பிறந்தது வேறு ஊர். வெளியூரில் பிறந்தவர் அந்த மன்றத்தில் வாய் திறக்கக் கூடாது. ஊருக்கே பேசச் சொல்லிக்கொடுத்தவருக்கு அங்கே பேச்சில்லை.

நான் பேசுகிறேன் என்று ஹெர்மோன் முன்வந்தான்.

"சரி. முதலில் பாம்பிலோஸுக்காக எழுதிக்கொண்டு வா" என்றார் ஆசான்.

"அந்த ஆளுக்காகவா? என்னால் முடியாது."

"அப்படியானால் எனக்காகவும் உன்னால் முடியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஆசான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதில் பாம்பிலோஸ் முட்டாளாக இருக்கிறான், ஆனால் அவன் முட்டாள் இல்லை என்றார். ஹெர்மோன் குன்றுக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை நான்கு நாள் கேட்டான். திரும்பி வந்து மறுபடி எழுதினான். புழுத்த பலகைக்கு வண்ணம் பூசி விற்பவனிடம் யாராவது கப்பல் வாங்குவார்களா, பேச்சு என்பது அந்த வண்ணம்தான், கடலில் சாகப் போவது நம் பிள்ளைகள் என்று எழுதினான். கயிறு திரிப்பவன் அல்லவா, கப்பல் அவனுக்குத் தெரியும்.

தெலெசியாஸ் அதை இரண்டு தடவை படித்தார். நானே எனக்கு எதிராகக் கல் போட்டுவிடுவேன் போலிருக்கிறதே என்று சிரித்தார். இனி எனக்காக எழுது என்றார்.

சுருளைப் பள்ளியின் அலமாரியில் வைத்தார்கள். அங்கே எதையும் பூட்டி வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், படிக்கலாம், எடுத்துப் போகலாம்.

வழக்கு நாளன்று பாம்பிலோஸ் சொந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தான், ஒரு சுருளை விரித்தான், முதலிலிருந்து கடைசிவரை படித்தான். புழுத்த பலகையும் வண்ணமும் வந்த இடத்தில் நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்து முடித்துவிட்டு, இதை எழுதியது நான் இல்லை, தெலெசியாஸுக்காகப் பேச வந்திருக்கும் ஹெர்மோன்தான் என்று கையை நீட்டிக் காட்டினான்.

சுருளின் மேல் ஓரம் கத்தியால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. முதல் வரி இல்லை. பெயர் மட்டும் இருந்தது.

"இது உன் கையெழுத்தா, இல்லையா?" என்று கேட்டான் பாம்பிலோஸ். ஹெர்மோனின் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கயிறு திரிப்பவனின் கையெழுத்து அந்த மன்றத்தில் யாருக்குத் தெரியும்? பொய்யை மெய்யாக்கும் பள்ளியில் படித்தவனாம். ஒரு சின்னப் பொய் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"என்னுடையதுதான்" என்றான் ஹெர்மோன். "முதல் வரியை யாரோ அறுத்திருக்கிறார்கள்."

பள்ளியின் விதியை விளக்கினான். யாருக்கும் புரியவில்லை. பயிற்சிக்காகச் சொந்த ஆசானையே வைவார்களா என்று சிரித்தார்கள். வீட்டில் அதை முதலில் எழுதிப் பார்த்த கரட்டுப் பிரதி இருக்கிறது, அதில் முதல் வரி இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்றான். சாட்சியான ஏடுகளை எல்லாம் முந்தின நாளே பானையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும், இப்போது முடியாது என்றார்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆசானுக்காக எழுதி வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட அவன் வாயிலிருந்து வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் தெலெசியாஸ் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

எனக்கு ஆறாதது இதுதான். உண்மையைத் தேடுகிறவர்கள் கத்தி எடுத்தார்கள். பொய்ப் பள்ளி என்று பெயர் வாங்கியவன் மெய்யைச் சொல்லித் தோற்றான். பிறகு குன்றுக்காரர்கள் அந்தச் சுருளைப் படியெடுத்தார்கள். அந்தப் படியை வேறு ஊர்க்காரர்கள் படியெடுத்தார்கள். பேச்சு என்றால் வெறும் வண்ணம் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதினார்கள். அந்த முதல் வரி எந்தப் படியிலும் இல்லை.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் துறையில் படகு நின்றது. தெலெசியாஸ் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஹெர்மோன் வந்தான். அவன் கையில் வீட்டிலிருந்த கரட்டுப் பிரதி இருந்தது.

"இதைக் கிழித்துக் கடலில் போடப் போகிறேன்" என்றான்.



ஹெர்மோனுக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அவர்கள் கையில் இருப்பதை நம்மால் கிழிக்க முடியாது என்றான். நாளைக்குப் பிறக்கிறவன் அதைத்தான் படிப்பான், உங்களை ஏமாற்றுக்காரன் என்பான், உங்கள் கையால் எழுதியது ஒன்றும் மிஞ்சாது என்றான்.

"நாம் அவர்களுக்காகப் பேசிப் பார்த்தோம். அவர்கள் நமக்காக ஒரு தடவையாவது பேசிப் பார்த்தார்களா? எதற்கு ஆசானே இந்தப் பாழாய்ப்போன விதி?"

தெலெசியாஸ் அவன் பக்கம் திரும்பினார்.

"உன் தம்பி எத்தனை கல்லில் தோற்றான்?"

"ஒரு கல்லில்."

"அதைப் போட்டவனை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இருநூற்றொரு பேரில் யாரோ ஒருத்தன்."

"அவன் என்றைக்காவது, ஒரே ஒரு தடவை, திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட ஒருவனின் இடத்தில் நின்று பேசிப் பார்த்தவனாக இருந்திருந்தால்?"

ஹெர்மோன், கிழிப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்திருந்த சுருளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

படகுக்காரன் கூப்பிட்டான். தெலெசியாஸ் எழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதில் முதல் வரி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அதைக் கொடு" என்று கையை நீட்டினார். "போகிற ஊரில் முதல் பாடத்துக்கு வேண்டும்."