கொசுறு கேட்ட நண்டு

முள்ளிக்காட்டுக் குட்டையில் ஒரு நண்டு குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரே ஒரு கொடுக்கு. இன்னொன்றை நீர்நாயிடம் விட்டுவிட்டுத்தான் ஒருமுறை உயிர் தப்பியிருந்தது.

"அடிபட்டுக் கத்துக்கிட்டவன் நான்! என்கிட்ட எவனும் பேரத்தில் ஜெயிக்க முடியாது!" என்று அடிக்கடி மார்தட்டும். கோபம் வேறு மூக்கின் மேல். நண்டுக்கு மூக்கே இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது!

ஒருநாள் ஒரு நரி பெரிய இரும்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தது.

"இது செயற்கை அறிவுப் பெட்டி! எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொல்லும். ஒரு கேள்விக்குப் பத்து நாவல்பழம். யோசித்தால் இதற்குத் தலை கொதிக்கும். அதைத் தணிக்க உங்கள் குட்டையில் ஒரு குழாய் மட்டும் விட்டுக்கொள்கிறேன்" என்றது நரி.

"நண்டண்ணே, நீங்க பேசுங்க!" என்றது அங்கே தண்ணீர் குடிக்க வந்திருந்த எருமை.

நண்டு முன்னால் வந்தது. "தண்ணி கெடக்குது கழுதை! அதை யாரு விலைக்கு வாங்கினா? பழத்துக்கு வா! பத்தா? கொள்ளையடிக்கிறியா? ஒண்ணு தர்றேன்!"

"கட்டுப்படி ஆகாதுண்ணே!"

"ஆகாதுன்னா பெட்டியைத் தூக்கு!" நண்டு திரும்பி நடந்தது. பக்கவாட்டில்தான் நடந்தது. ஆனாலும் மிடுக்காக நடந்தது.

"சரி, ஒண்ணே குடுங்க!" என்று நரி பின்னாலேயே ஓடியது.

"கொசுறு?"

"இதுக்குப் போய்க் கொசுறாண்ணே?"

"கொசுறு இல்லாம நான் எதையும் வாங்கினதே இல்லை! ஒரு கேள்விக்கு மூணு கேள்வி கொசுறு!"

"என் வயித்துல அடிக்கிறீங்களே!" நரி கண்ணைத் துடைத்துக்கொண்டே குழாயைக் குட்டைக்குள் இறக்கியது.

அன்று முதல் கரையில் ஒரே கூட்டம். "நான் அழகா?" என்று கேட்டது எருமை. "அழகு" என்றது பெட்டி. கொசுறு இருக்கிறதே, விட மனம் வருமா? "எவ்வளவு அழகு?" "பாட்டாகப் பாடு!" "கொம்பை விட்டுட்டியே, திரும்பப் பாடு!" ஒவ்வொரு பதிலுக்கும் குழாய் கடகடவென்று குடித்தது.

"இந்தக் காட்டிலேயே பெரிய பேரக்காரன் யார்?" என்று கேட்டது நண்டு. "தாங்கள்தான்!" என்றது பெட்டி. கொசுறாக அதையே இன்னும் மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டது.

கோடை முற்றுவதற்குள் குட்டை சேறாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு குழியில் தண்ணீர். அதில் நண்டின் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடந்தன. குழாயின் வாயும் அதே குழியில்தான் கிடந்தது.

நண்டு பதறிப்போய் ஒரு பழத்தை வீசியது. "ஏய் பெட்டி! எங்க தண்ணியெல்லாம் எங்கே போச்சு?"

கடகட! குழியில் பாதி வற்றியது. "உங்கள் கேள்விகளுக்குப் போனது. முக்கால்வாசி, கொசுறுக் கேள்விகளுக்கு" என்றது பெட்டி.

ஒரு குஞ்சு சேற்றில் துடித்தது.

"அண்ணே, மூணு கொசுறு பாக்கி இருக்கே! இலவசம்தானே, கேளுங்க!" என்று இளித்தது நரி.

பழக்கதோஷத்தில் நண்டின் வாய் திறந்தது. குஞ்சைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது கொசுறை விட்டுக்கொடுத்தது.

"இலவசமா? என் பிள்ளைங்களைக் குடிச்சுக்கிட்டு இலவசமாடா!" என்று கத்தியபடி ஒற்றைக் கொடுக்கால் குழாயைக் கவ்வி நறுக்கிப் போட்டது. பெட்டி புகைந்தது. நரி பழ மூட்டையைத் தோளில் போட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு அடுத்த குட்டையைத் தேடி ஓடியது.

மிச்சமிருந்த கையளவு தண்ணீரில் குஞ்சுகள் மூச்சு விட்டன.

எருமை மெல்லக் கேட்டது: "நண்டண்ணே, இப்போ சொல்லுங்க, இந்தக் காட்டில் பெரிய பேரக்காரன் யாரு?"

"நரிதான்டா!" என்றது நண்டு. "பெரிய முட்டாள் யாருன்னு நீ கேட்கலை. அதைக் கொசுறா வெச்சுக்க: நான்தான்!"

நாம் விலை கேட்க மறந்த பொருளில்தான் அடுத்தவனின் லாபம் ஒளிந்திருக்கிறது. பேரத்தை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.