சடையப்பன் காட்டுக்கு இருவாச்சி வந்த விதம்

ஊசிப்பாறை அடிவாரத்தில் சடையப்பனுக்குப் பத்து ஏக்கர் சொந்தக் காடு இருந்தது. மரம் இருந்தது, ஓடை இருந்தது, பழுத்துத் தொங்கும் அத்திகூட இருந்தது. இருவாச்சிப் பறவை மட்டும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் தெய்வானையம்மாவின் காட்டில் அந்தப் பெரிய அலகுக்காரர்கள் ஜோடி ஜோடியாக இறங்குவதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பக்கத்துக் காடுகளுக்குச் சொந்தக்காரர்களான பொன்னுரங்கத்தையும், தன் மனைவியின் தம்பி காத்தமுத்துவையும் கூட்டிக்கொண்டு அந்தம்மாவிடமே போனார்.

"இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லப்பா. ஒருத்தர் காட்டைப் பார்த்து ஒருத்தர் கத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார் தெய்வானையம்மா.

மறுநாள் விடிந்ததும் மூவரும் அவரவர் எல்லையில் நின்று, அடுத்தவர் காட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். இருந்த நாலு மைனாவும் ஊரைக் காலி செய்தன.

ஐந்தாம் நாள் தெய்வானையம்மா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "போதும்ப்பா! பட்டமரம் இருந்தா வெட்டாம விடுங்க. அது போதும்!"

எது பட்டமரம்? காத்தமுத்து ஒவ்வொரு மரத்திலும் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சே காணோம் மாமா."

"பேர் சொல்லிக் கூப்பிடு மாப்ளே."

"கூப்பிட்டேன். பதில் இல்ல."

சாயங்காலத்துக்குள் காடு மொத்தமும் செத்துப்போனது உறுதியானது. சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொன்னுரங்கம் முறை தவறாதவர்; மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"துளிர் விட்டிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று தெய்வானையம்மா மறுபடி வந்து திட்டினார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "அந்தப் பெரிய மரத்துப் பொந்தை மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க. பொட்டை உள்ளே உட்கார்ந்து வாசலை மண்ணால பூசிக்கும். ஆண்பறவை பழம் கொண்டாந்து ஊட்டும். ஒண்ணு உட்கார்ந்துட்டா மத்தது தானா வரும்."

அவர் போனதும் ஆலோசனை நடந்தது.

"ஒண்ணு உட்காரணுமாம். யாரு?" என்றார் பொன்னுரங்கம்.

"காடு மாமாவோடது" என்றார் காத்தமுத்து.

"பொட்டைதானே உட்காரும்?" சடையப்பனுக்குச் சந்தேகம்.

"மீசையை எடுத்துட்டா தெரியாதுண்ணே."

இருபது வருஷத்து மீசை. சடையப்பன் ஒருமுறை தடவிப் பார்த்தார். எடுத்துவிட்டு ஏறினார்.

வாய் மட்டும் தெரியப் பிளவு விட்டு வாசலைப் பூசினார்கள். கையால் ஊட்டினால் மனுஷ வேலை ஆகிவிடும் என்று, ஏணியில் ஏறிப் பழத்தை வாயில் கவ்வி ஊட்டினார்கள்.

"மாப்ளே, கால் மரத்துப் போச்சு!"

"நல்லதுதான் மாமா. மரத்தோட மரமா ஆயிட்டு வர்றீங்க."

ஒன்பதாம் நாள் காலை, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆண் இருவாச்சி வந்து கிளையில் இறங்கியது. பிளவுக்குள் எட்டிப் பார்த்தது. சடையப்பன் மூச்சு விடவில்லை. பறவை தலையைச் சாய்த்து யோசித்தது. அப்புறம் தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்து, மெதுவாக அவர் வாயில் வைத்தது.

சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சேதி கேட்டுத் தெய்வானையம்மா பதறி ஓடி வந்தார். "உடைச்சு அந்த மனுஷனை வெளியே எடுங்கப்பா!"

பொன்னுரங்கம் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். "இனிமே அவரை அவங்க வீட்டுக்காரர் பாத்துக்குவாரும்மா. நம்ம வேலை முடிஞ்சுது."

பிளவிலிருந்து சடையப்பனின் குரல் வெட்கத்தோடு வந்தது.

"மாப்ளே, உங்கக்காகிட்ட பக்குவமாச் சொல்லு. எனக்கு நல்ல இடமா அமைஞ்சிருச்சுன்னு."