குடுவை எத்தனை முறை நிறையும்?

தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது. இந்தக் கதையில் எண்கள் உண்டு.

ஒரு பல்கலைக்கழகத்தில் மனித முதுமையின் உயிரியல் என்று ஒரு முதுநிலைப் பாடம். மூன்று பேர் படித்தார்கள். ஜோஸ்வாவுக்கும் ரிஸ்வானாவுக்கும் வயது இருபத்திரண்டு. செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்பது, அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் விடுப்பு எடுத்துப் படிக்க வந்தவர். பாடம் முடிந்ததும் ஒருவருக்குத்தான் ஆய்வுக்கூடத்தில் இடம். இளையவர்கள் அடுத்த ஆண்டும் முயலலாம். செண்பகவல்லிக்கோ, இடம் கிடைத்தால் மட்டுமே விடுப்பு நீளும் என்று மருத்துவமனை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி.

ஆடி மாதம் முதல் வகுப்பில் பேராசிரியர் பொன்மலர் ஒரு சிறு குப்பியைக் காட்டினார். உள்ளே மனிதத் தோலின் செல்கள்.

"இது ஒண்ணு ரெண்டா இரட்டிச்சுக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல நின்னுடும். அதுதான் அதுக்கு முதுமை. இன்னும் எத்தனை தடவை இரட்டிக்கும்னு எழுதிக் குடுங்க. ரொம்பக் கிட்ட வர்றவங்களுக்கு இடம்."

குப்பியோடு வந்த குறிப்பு இது. செல்களைக் கொடுத்தவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. செல்களை வளர்த்த முதல் குடுவை நிறைந்தபின் ஆறு முறை பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நிறைந்த குடுவையை நான்கு பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் புதுக் குடுவையில் விட்டு, அது நிறையும்வரை வளர்த்தார்கள். ஆறாவது முறை நிறைந்ததும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். பதினோரு ஆண்டுகள் அப்படியே இருந்தது. உறைய வைக்காமல் வளர்த்த இன்னொரு பங்கு, அந்த முதல் நிறைந்த குடுவையிலிருந்து எண்ணினால், நாற்பத்தெட்டு முறை இரட்டித்து நின்றது.

"பதினோரு வருஷம் கிடந்திருக்கே, வயசாகாமலா இருக்கும்?" என்றார் ஜோஸ்வா. நாற்பத்தெட்டில் ஆறையும் பதினொன்றையும் கழித்து முப்பத்தொன்று என்று எழுதினார்.

ரிஸ்வானா சிரித்தார். "டேய், பிரிட்ஜ்ல வச்ச மாவா இது, புளிக்கிறதுக்கு?" ஆறை மட்டும் கழித்து நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

செண்பகவல்லி தாளில் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரத்தப் பை எண்ணுற மாதிரி எண்ணுறீங்களே! வெறும் கழித்தல்தானே?" என்றார் ரிஸ்வானா.

"கழிக்கிறதுக்கு முன்னால எண்ணணும்லம்மா."

அவர் எழுதியது முப்பத்தாறு.

அன்றே குப்பியின் செல்களால் ஒரு குடுவையை நிரப்பினார்கள். நிறைந்த குடுவையிலிருந்து ஒவ்வொரு முறையும் சரிபாதியை எடுத்துவிட்டு, மீதிப் பாதி நிறையும்வரை வளர்த்தார்கள். மார்கழியில் ஒரு நாள் செல்கள் பெருகுவது நின்றது. பேராசிரியர் மூன்று சீட்டுகளையும் மேஜையில் வைத்தார்.

மூவரும் படித்தது ஒரே குறிப்பு. அவர்களில் சரியாக எண்ணியது யார்? இடம் யாருக்கு?

விடை: செண்பகவல்லிக்கு. அந்தக் குளிரில் செல் பெருகாது, ஆகவே பதினோரு ஆண்டுகள் கணக்கில் சேரா. கால் பங்கு குடுவையை நிறைக்க வேண்டுமானால், கால் அரையாக வேண்டும், அரை முழுதாக வேண்டும். அது இரண்டு இரட்டிப்பு. ஆறு முறை பிரித்ததில் போனவை பன்னிரண்டு. பிரித்த தடவையையே இரட்டிப்பாக எண்ணியது ரிஸ்வானாவின் தவறு. ஜோஸ்வா இரண்டு இடத்திலும் தவறினார். நாற்பத்தெட்டில் பன்னிரண்டு போக மீதி முப்பத்தாறு. பாதி முழுதாவது ஒரே இரட்டிப்பு; அப்படிக் குடுவை முப்பத்தைந்து முறை நிறைந்தது. முப்பத்தாறாவது முறை முக்காலுக்கு மேல் வந்து நின்றது. முதலில் கைதட்டியது ரிஸ்வானாதான். செண்பகவல்லி நின்ற இடத்திலிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்தார். "சார், லீவை நீட்டிச்சுடுங்க. ஆமா சார், எனக்கேதான்!" என்று அவர் சொன்னது மாடியின் கடைசி அறைவரை கேட்டது.