மேகம் மூடிய ஆட்டம்

கொடைக்கானலில் ஒரு மாலை, கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பாதியில் மேகம் வந்து மூடிக்கொண்டது. அதனால் ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதில் வழக்கு வந்தது.

நவநீதன் மலைக் கல்லூரியில் படித்தவன். அவன் மனைவி மதுரவாணி திருச்சிக்காரி. ஆற்றங்கரைக் கல்லூரியில் படித்தவள். பிறந்த மகளுக்கு முகிலினி என்று பெயரிட அவனுக்கு ஆசை. பொன்னி என்று அழைக்க அவளுக்கு. இரு கல்லூரிகளும் மோதவிருந்த அன்று அவள் சொன்னாள்:

“எந்தக் காலேஜ் ஜெயிக்குதோ, அந்தப் பக்கத்துப் பேரையே வச்சிடலாங்க.”

“சரி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது” என்றான் அவன்.

கூடவே, யார் வெல்வார் என்று ஊகித்துப் பதியும் கணிப்புச் சந்தைகளில் ஆளுக்கொன்றில், இருவரும் கைபேசி வழியே தங்கள் கல்லூரியே வெல்லும் என்று பதிந்தார்கள். அங்கே காசு கிடையாது. சொன்னது பலித்தால் புள்ளி சேரும், அவ்வளவுதான்.

கடைசிச் சில நிமிடங்கள் இருக்கையில் வெண்மேகம் மைதானத்தில் இறங்கியது. கூடை மறைந்தது. ஆட்டக்காரர்கள் நிழல்களானார்கள். பந்து தரையில் தட்டும் ஓசை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. கணவனோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த மதுரவாணியின் சால்வைக்குள் குழந்தை அதைக் கேட்டபடியே உறங்கிப்போனது. நடுவர் விசிலடித்து, “மிச்ச ஆட்டம் நாளைக்கு” என்றார். அப்போது மலைக் கல்லூரி முன்னால் இருந்தது.

அவர்கள் வீடு சேர்வதற்குள் நவநீதனின் சந்தை அவன் கணிப்புப் பலித்ததாக அறிவித்துவிட்டது. ஆட்டம் நின்றால், அன்றைய புள்ளிப்பலகையில் உள்ளதே முடிவு என்பது அதன் விதி. வாணியின் சந்தை காத்திருந்தது. போட்டி நடத்துவோர் அறிவிப்பதே முடிவு என்பது அதன் விதி. மறுநாள் இளவெயிலில் மிச்ச ஆட்டம் நடந்தது. ஆற்றங்கரைக் கல்லூரி வென்றதாக அறிவித்தார்கள். வாணியின் கணிப்பும் பலித்தது.

“என்னோடது நேத்தே முடிஞ்சிடுச்சு, வாணி. ஜெயிச்சது நாங்கதான்.”

“என்னோடது இன்னிக்குத்தாங்க முடிஞ்சிருக்கு. ரெண்டும் பொய் சொல்லலை. அப்போ நம்ம பொண்ணு பேரு என்ன?”

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: எந்தப் பெயரை வைப்பது முறை?

விடை: பொன்னி. இரண்டு சந்தைகளும் தத்தம் விதிப்படி சரியாகவே முடிவு சொல்லின. ஆனால் அந்த விதிகள் அங்கே சேரும் புள்ளிகளுக்கு மட்டுமே. கணவனும் மனைவியும் வாக்குக் கொடுத்துக்கொண்டது ஆட்டத்தை வைத்து. ஆட்டமோ மறுநாள்தான் முடிந்தது. நவநீதன் இதை ஒப்புக்கொண்டான்; ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சில நாள் மகளைப் பாப்பா என்றே கூப்பிட்டான். ஒரு மதியம், உறக்கத்தில் எதையோ கண்டு சிரித்தவளிடம் குனிந்து, “என்ன பார்த்தே, பொன்னி?” என்று கேட்டான்.