தண்டம் என்று பேரெடுத்த அமலோற்பவம்

தூத்துக்குடிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அமலோற்பவம் என்று ஒருத்தி இருந்தாள். கூடையில் பந்து போடமாட்டாள். எதிராளியைப் போடவும் விடமாட்டாள். அவளை வைத்து ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. "சுவரு மாதிரி நிக்கா!" என்பார்கள் சிலர். "தண்டம்! சும்மா இடிச்சுத் தள்ளுதா" என்பார்கள் மற்றவர்கள்.

திருவிழாக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு முன், எல்லார் எதிரிலும் அணியின் நிர்வாகி வேலாண்டி அவளைக் கூப்பிட்டார். "இன்னைக்கு இருபது புள்ளி எடுக்கணும். முடியாதுன்னா இப்பவே கிளம்பிரு."

அமலோற்பவம் பணிவாகச் சொன்னாள்: "கிளம்பிருதேன் அய்யா. எதிரணியில ஒரு ஆளு குறையுதாம். அவங்களுக்கு ஆடட்டுமா?"

வேலாண்டி பதறிப்போனார். "அய்யய்யோ, அங்க போயிராதே! அப்புறம் நம்ம பிள்ளைங்க எப்படிப் புள்ளி எடுக்கும்?"

மைதானமே சிரித்தது. தண்டம் என்றவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். வேலாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நழுவினார்.

அன்றும் அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் கோப்பை வந்தது. அதிகப் புள்ளி எடுத்த தமிழ்முல்லை அதை அவள் கையில் கொடுத்து, "நீ பின்னால நிக்கிற தைரியத்துலதான்க்கா நான் முன்னால ஓடுதேன்" என்றாள்.

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டினவர்களையும் சேர்த்தே ரசிகர்களைக் கும்பிட்டாள். "ஒரு புள்ளி எடுக்காதவளுக்காக இத்தனை நாளா தொண்டை கிழியச் சண்டை போட்டீங்களே, நல்லாயிருங்க!"